காதில் சொல்லும் வேலை

ஜனவரி 20, திங்கள்

நெல்சன் அண்ணன் இன்று வீட்டுக்கு வந்தார். அம்மா விற்பனைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் அவர் சொன்னதில் பாதிதான் அவளுக்குக் கேட்டிருக்கும். ஜவுளிக்கடை விளம்பரம் என்றும், அக்கா சேலை கட்டிக்கொண்டு நடந்தால் போதும் என்றும் சொன்னார். அம்மா கிரைண்டரை நிறுத்தாமலே என்னைக் கை காட்டினாள். "இவளும் கூடப் போவட்டும். தனியா அனுப்ப மாட்டேன்."

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் உண்மையைச் சொன்னார். விளம்பரம் இல்லை, குறும்படம். பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் முன்பு குடியிருந்த வாடகை வீட்டைக் காலி பண்ண வருகிறார்கள். எந்தச் சாமான் யாருக்கு என்று பேசிப் பிரித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. வசனம் எழுதவில்லையாம், நடிக்கிறவர்களே பேசிக்கொள்ள வேண்டுமாம்.

"ஆம்பள யாரு?" என்று அக்கா கேட்டாள்.

"இசக்கிராஜ்தான். வேற யாரு இருக்கா நமக்கு?"

இசக்கிராஜ் என்பது அத்தான். நெல்சன் அண்ணன், அத்தான், அக்கா மூவரும் ஒரே வீதி நாடகக் குழுவில் இருந்தவர்கள். அங்கே பழகித்தான் அக்கா அவரைக் கட்டினாள். அவர்கள் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. போன ஆவணியில் கோர்ட்டிலும் முடிந்துவிட்டது.

"அவரு சம்மதிச்சாச்சா?"

"பவானி சம்மதிச்சா எனக்கும் சம்மதம்னான்."

"நானும் அதத்தான் சொல்ல இருந்தேன்" என்றாள் அக்கா.

நெல்சன் அண்ணன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். எனக்கு இன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. காரணம் ஒன்றுமில்லை.

ஜனவரி 22, புதன்

மில்லர்புரத்தில் நெல்சன் அண்ணனின் சித்தி வீட்டு மாடி காலியாகக் கிடக்கிறது. அங்கேதான் படம் எடுக்கிறோம். அடுத்த வாரம் வேறு குடித்தனம் வருவதால் அதற்குள் முடிக்க வேண்டும்.

அத்தான் எங்களுக்கு முன்பே வந்து தரையில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருக்கிறார். எனக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "இனி அவன அத்தான்னு கூப்பிடாத" என்று அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள். வேறு என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்று அவள் சொல்லவில்லை. 

"கனி, வளந்துட்டியே. காலேஜ் சேந்தாச்சா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அவ படிக்கல" என்றாள் அக்கா.

"ஏன்?"

 அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைத் திறக்கப் போய்விட்டாள்.

பதினொன்றாம் வகுப்பு நான் பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டில் தங்கித்தான் படித்தேன். எனக்கென்று ஜன்னல் ஓரம் ஒரு மேஜை இருந்தது. அத்தான் கணக்கு சொல்லித்தருவார். பாதி வருடத்தில் அக்கா பெட்டியோடு கிளம்பியபோது நானும் என் பெட்டியை எடுத்துக்கொண்டேன். இங்குள்ள பள்ளிக்கூடத்தில் அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். அடுத்த வருடம் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எனக்குப் படிக்க விருப்பமில்லை என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

சண்டை ஒன்றும் பெரிதில்லை. அக்காவுக்குக் காய்ச்சலாக இருந்த ஒருநாள் அத்தான் நாடகம் போடப் போய்விட்டார். அக்கா கோபித்துக்கொண்டு இங்கே வந்தாள். "அவன் வந்து கூப்பிடட்டும். கூப்பிடாம போனா உனக்கு அங்க மரியாத இருக்காது" என்றாள் அம்மா. "போனவளுக்கு வரத் தெரியாதா" என்று அங்கே அவர் அம்மா சொன்னாராம். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

எனக்கு இரண்டு வேலைகள். துடைப்பக் கம்பில் மைக்கைக் கட்டி வைத்திருக்கிறார்கள். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தக் கம்பைப் பேசுகிறவர் பக்கம் நீட்ட வேண்டும்.

இன்னொன்று, காதில் சொல்லும் வேலை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அக்காவுக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று நெல்சன் அண்ணன் சொல்லியனுப்புவார். அதை நான் போய் அவரவர் காதில் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியக் கூடாது. அப்போதுதான் பேச்சு உயிரோடு வருமாம்.

"நீங்களே சொல்லலாமே அண்ணே" என்றேன்.

"நான் போனா என் மூஞ்சப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க. உன் மூஞ்சில ஒண்ணும் தெரியாது. அதான் உனக்கு இந்த உத்தியோகம்."

ஜனவரி 23, வியாழன்

அக்காவிடம் சொன்னது: மிக்ஸியை விடாதே. அத்தானிடம் சொன்னது: மிக்ஸியைக் கொடுக்காதீர்கள், காரணமும் சொல்லாதீர்கள்.

"மிக்ஸி எங்கம்மா குடுத்தது" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"ஜார் நான் வாங்குனது. பழைய ஜார உடச்சது யாரு?"

"அப்ப ஜார எடுத்துக்கிடுங்க. மிக்ஸிய வைங்க."

"மிக்ஸி இல்லாத ஜார வச்சி என்ன செய்ய? தண்ணி குடிக்கவா?"

"குடிங்க. முந்தி அப்படித்தான குடிச்சிய."

எனக்குச் சிரிப்பு வந்து கம்பு ஆடிவிட்டது. நாடகம் முடிந்து வரும் நாட்களில் டம்ளர் எல்லாம் கழுவாமல் கிடந்தால் அத்தான் மிக்ஸி ஜாரில்தான் தண்ணீர் பிடித்துக் குடிப்பார். அது கதை இல்லை. அத்தானும் சிரித்துவிட்டார். அக்கா மட்டும் சிரிக்காமல், "பாருங்க, சிரிச்சே என்ன ஏமாத்துனது" என்று தொடர்ந்தாள். நெல்சன் அண்ணன் கேமராவை நிறுத்தவில்லை.

மத்தியானம் பொட்டலச் சாதம். அத்தான் தன் இலையில் இருந்த ஊறுகாயை எடுத்து அக்கா இலையில் வைத்தார். அவள் கேட்கவில்லை. வைத்த பிறகுதான் இருவருக்கும் அது ஞாபகம் வந்தது போலிருந்தது. அக்கா அதைச் சாப்பிட்டாள். நான் பார்த்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று படப்பிடிப்பு இல்லை. மாவு புளித்துவிட்டது என்று இரண்டு வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அந்த எரிச்சலிலேயே சொன்னாள், கோவில்பட்டியிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்களாம், ஞாயிறு கழித்து ஞாயிறு. மாப்பிள்ளை ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். முதல் மனைவி இறந்துவிட்டாள். ஒரு மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

"வரட்டும்" என்றாள் அக்கா. 

நாளைக்கு ஒரு காட்சிதான் பாக்கி. அதோடு இவர்கள் இருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டிய அவசியமே இராது.

ஜனவரி 25, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைசிக் காட்சி சமையலறையில். சாமான் எல்லாம் பிரித்தாயிற்று, குக்கர் மட்டும் மிச்சம். நெல்சன் அண்ணன் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "பவானிட்ட சொல்லு, அவன் என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லாத. ராஜ்ட்ட சொல்லு, குக்கர மட்டும் கேட்டு வாங்கிட்டுக் கிளம்பணும், திரும்பிப் பாக்கக் கூடாது."

அக்காவிடம் போய்ச் சரியாகச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றிருந்தாள். "அவ்ளோதானா?" என்றாள்.

பிறகு முன்னறைக்கு வந்தேன். அத்தான் சுவரோரம் குக்கரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் குனிந்தேன். குனிந்த பிறகுதான் வேறு வார்த்தை வாயில் வந்தது என்று எழுதலாம் என்று பார்த்தேன். அது பொய். படிக்கட்டில் நிற்கும்போதே எனக்குத் தெரியும்.

"அக்காவ வீட்டுக்குக் கூப்பிடுங்க. வருவா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நெல்சன் சொன்னானா?"

நான் குக்கர் மூடியைப் பார்த்தேன்.

"அவ சொல்லி அனுப்புனாளா?"

 என் கண் சமையலறைப் பக்கம் போனது. அவரும் அந்தப் பக்கம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "சரி" என்றார். நான் கம்பை எடுக்கப் போய்விட்டேன்.

படத்தில் அவர்களுக்குப் பெயர் வைக்கவில்லை. அதனால் இத்தனை நாளும் பெயர் சொல்லாமலேதான் பேசினார்கள். இன்று அத்தான் குக்கரோடு சமையலறை வாசலில் வந்து நின்று, அதைக் கீழே வைத்துவிட்டு, "பவானி" என்றார்.

அக்கா குழாயைத் திறந்துவிட்டு ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேமராவுக்கு அவள் முதுகுதான் தெரியும். கொஞ்சம் அவர் பக்கம் திரும்பினாள்.

"வீட்டுக்குப் போவமா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் மைக்கை அக்கா பக்கம் திருப்ப வேண்டும். மறந்துபோய் அத்தான் பக்கமே நீட்டிக்கொண்டு நின்றேன். ஹெட்ஃபோனில் அவர் மூச்சுதான் கேட்டது.

"போவோம்" என்றாள் அக்கா. "வேற என்ன எடுக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம். நீ வா."

"இந்தத் தட்டு ஒண்ணக் கழுவிட்டு வாரேன்."

அத்தான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நாடகத்தில் அழும்போது அவர் முகத்தை மூட மாட்டார், எல்லோருக்கும் தெரிகிறபடிதான் அழுவார். இன்று மூடிக்கொண்டார். நெல்சன் அண்ணன் வெகுநேரம் நிறுத்தவில்லை. கடைசியில் மெதுவாக "கட்" என்றார்.

அக்கா குழாயை மூடினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "நெல்சா, தண்ணி சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சோ? இன்னொரு தடவ எடுக்கணுமா?" என்று கேட்டாள்.

அத்தான் தலையைத் தூக்கினார். அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நல்லா நடிச்ச, பவானி" என்றார்.

"நீங்களுந்தான்" என்றாள் அக்கா.

பையை எடுத்துக்கொண்டு கீழே போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. குக்கர் வாசலிலேயே இருந்தது.

"குக்கரக் கேட்டு வாங்குடான்னா என்னத்தக் கேட்டுட்டுப் போறான் இவன்" என்றார் நெல்சன் அண்ணன், கேமராவைத் துடைத்தபடி. "ஆனா ஒண்ணு, படம் முடிஞ்சிட்டு. இதுக்கு மேல எதுவும் வேண்டாம்."

"குக்கரா?" என்றாள் அக்கா. அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஜனவரி 26, ஞாயிறு

அக்கா என்னோடு பேசவில்லை. தைக்க வந்திருந்த சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்து முடித்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அக்காவாகவே கேட்டாள்.

"நீயா சொன்ன?"

தலையாட்டினேன்.

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும் சேந்தா நல்லாருக்கும்னு."

"யாருக்கு?"

 அவள் அம்மாவின் பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள்.

"இந்த வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தேன் கனி. தெருவுல பைக் சத்தம் கேட்டா எந்திரிச்சிப் போய் மூஞ்சி கழுவுவேன். பால்காரன் வண்டிக்கெல்லாம் மூஞ்சி கழுவியிருக்கேன். ஒருநாளும் வரல. இப்ப நீ சொல்லிக் குடுத்து, கேமரா முன்னால வந்து கூப்பிடுதாரு. இதப் போய் கூப்பிட்டதா நான் எடுத்துக்கிடணுமா?"

"அவரு நெசமாத்தான் கூப்பிட்டாரு."

"சொல்லிக் குடுத்தப்பறம்தான கூப்பிட்டாரு."

"நீ போவோம்னு சொன்னியே."

"என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லாதன்னு நீதான வந்து சொன்ன."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கோவில்பட்டிக்காரர் வந்தார். அவர் சகோதரியும் மகளும் கூட வந்தார்கள். அமைதியான மனிதர். காப்பியில் சீனி கூட என்று மகள் சொன்னதும் தன் டம்ளரை அவளோடு மாற்றிக்கொண்டார். அவரதிலும் அதே சீனிதான். அவள் குடித்துவிட்டுச் சரியாயிருக்கிறது என்றாள். அக்கா அதைக் கவனித்தாள்.

"தங்கச்சி என்ன படிக்குது?" என்று கேட்டார்.

அம்மா எதையோ சொல்லி மழுப்பினாள்.

"தனித்தேர்வு எழுதலாமே. எங்க தெருவுலயே டுட்டோரியல் இருக்கு. மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. வந்து தங்கிப் படிக்கட்டும்."

மாசிக் கடைசியில் நாள் குறித்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம், "உனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டாள். நல்ல மனிதராகத் தெரிகிறது என்றேன். அது உண்மை.

அந்த அறைக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் இருக்கிறதாம். அந்தச் சின்னப்பெண் சொன்னாள்.

பிப்ரவரி 5, புதன்

விளம்பரம் டிவியில் எப்போது வரும் என்று அம்மா கேட்கிறாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எந்தச் சத்தம் எந்தக் காட்சியோடு சேர வேண்டும் என்று பார்க்க நெல்சன் அண்ணன் என்னைக் கூப்பிட்டிருந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஹெட்ஃபோனைக் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

கடைசிக் காட்சியை ஓடவிட்டேன். "வீட்டுக்குப் போவமா" என்று அத்தான் கேட்கிறார். பிறகு தண்ணீர் சத்தம். அதற்குள் என்னவோ இருப்பது போலிருந்தது. சத்தத்தை முழுவதும் கூட்டித் திரும்ப ஓட்டினேன். திரும்பவும் ஓட்டினேன்.

தண்ணீருக்கு அடியில் அக்கா குரல். யாருக்கும் கேட்க வேண்டும் என்று சொன்னதல்ல. "இப்பதான் கூப்பிட வந்தியளா."

அதை நான் அவள் காதில் சொல்லவில்லை. நெல்சன் அண்ணனும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் அந்த "போவோம்" வருகிறது. இது தெரிந்து கேட்டால் அந்த "போவோம்" வேறு மாதிரி கேட்கிறது.

நெல்சன் அண்ணன் டீயோடு வந்தார். "இந்த எடத்துல பவானி தோள் லேசா ஆடுதே. எதுவும் சொன்னாளா?"

"தெரியல அண்ணே."

"தண்ணி இரைச்சலா இருக்கு. எடுத்துட்டு இங்கன வேற சத்தம் போட்டுருவோம்." எதையோ அழுத்தினார். தண்ணீர் போயிற்று. அதோடு அதுவும் போயிற்று. பார்த்துக்கொண்டே டீ குடித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

அக்காவிடம் சொல்லிவிடுவது என்று உள்ளே போனேன். கல்யாணப் பத்திரிகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு மூலைக்கு மூலை மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். "வா, நீயும் கொஞ்சம் தடவு. கை வலிக்கி" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து தடவினேன். எல்லாம் தீரும்வரை தடவினோம். விரல் இன்னும் மஞ்சளாக இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ரவிக்கை வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அக்கா வரவில்லை. "நீ பாத்துட்டு வா. எனக்கு வந்து எதுவும் சொல்ல வேண்டாம்" என்றாள்.

முப்பது பேர் இருப்பார்கள். மிக்ஸி காட்சியில் எல்லோரும் சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் ஒருவரும் அசையவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். முடிவில் பெயர்கள் ஓடும்போது உதவி இயக்கம் என்று போட்டு என் பெயரும் வந்தது. நெல்சன் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

அத்தான் கடைசி வரிசையில் இருந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. செருப்பைத் தேடும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"கல்யாணம் எப்போ?"

"அடுத்த வாரம் திங்கக்கெழம."

"ஆளு எப்படி?"

"நல்ல மாதிரி."

"ம்." என் செருப்பில் ஒன்று பெஞ்சுக்கடியில் கிடந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தார். "தனித்தேர்வு எழுதப்போறியாமே, நெல்சன் சொன்னான். கணக்குல சந்தேகம் வந்தா அங்கன யாரும் இருக்காங்களா?"

"டுட்டோரியல் இருக்கு."

"நல்லது."

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. படிக்கட்டில் ஆட்கள் இறங்கி முடியும்வரை நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கனி, நான் கூப்பிட்டப்போ அவ ஏதோ சொன்னா. வாய் அசஞ்சத நான் பாத்தேன். போவோம்னு சொல்றதுக்கு முந்தி. படத்துல அந்த எடத்துல ஒண்ணும் கேக்கல. நீதான் மைக் பிடிச்ச. உனக்குக் கேட்டுருக்கும்லா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரிதான். சொன்னால் அவர் என்ன செய்வார், அக்கா என்ன செய்வாள், கோவில்பட்டிக்காரர் எங்கே போவார் என்றெல்லாம் அப்போது யோசித்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். மாடி அறை ஒன்று கண்ணில் வந்துபோனது. எதற்காக வந்தது என்று தெரியவில்லை.

"ஒண்ணும் சொல்லல அத்தான். தண்ணி சத்தம்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

மெதுவாகத் தலையாட்டினார். முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவரின் முகம் ஆனது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இந்தத் தடவையும் என்னை நம்பினார்.